மாட்டுக் கொட்டகையை வீடாக்கும்போது சமையலறையை அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டத் தோட்டங்களில் காணப்படும் பழைய கட்டுத்தறிகளை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. கல் அல்லது செங்கல் சுவர், மரச்சட்டத்தின் மேல் ஓட்டுக் கூரை, ஒரு பக்கம் தீவனத் தொட்டி, மறுபக்கம் மூத்திரக் கால்வாய் என்ற அமைப்புள்ள கொட்டகைக்கே இதில் உள்ள அளவுகள் பொருந்தும்.

இவ்வேலையில் இறங்குபவர்களில் பலர் மேடைக் கல்லின் நிறத்திலிருந்தும் அலமாரியின் படத்திலிருந்தும் தொடங்குகிறார்கள். அதன் விளைவாக, ஓராண்டுக்குள் ஓடு பதித்த சுவர் உப்புப் பூத்து உதிர்வதையும், அழகான மேடையை உடைத்துக் குழாயைத் தேடுவதையும் பல வீடுகளில் பார்த்தாகிவிட்டது. கொட்டகையில் தரையும் கூரையும் முதல் வேலை. மேடை ஏறக்குறையக் கடைசி வேலை. கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் காயத் தொடங்கும் தை மாதத்தில் தரையைத் திறந்தால், பங்குனி, சித்திரை வெயில் சுவரில் உள்ள ஈரத்தை இழுத்துவிடும். ஐப்பசியில் தொடங்குபவர்கள் ஈரச் சுவரின் மேல் பூச்சு வைத்துவிட்டு, பிறகு கொத்தனாரைக் குறை சொல்கிறார்கள்.

இரண்டாவது, மின் இணைப்பு. பம்புசெட்டுக்கான விவசாய இணைப்பிலிருந்து வீட்டுக்குக் கம்பி இழுப்பது அனுமதியற்ற பயன்பாடு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்கீழ் அதற்குத் தனியாகக் கட்டணம் மதிப்பிட்டு வசூலிக்க முடியும். வீட்டுப் பயன்பாட்டுக்கான புதிய இணைப்புக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கட்டட அனுமதி, வீட்டு வரி ஆகியவற்றைப் பற்றியும் ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு ஓடினால், காகிதம் வரும்வரை சமையலறை இருட்டில் கிடக்கும்.

மூன்றாவது, ஓர் எளிய வரைபடம். நீளம், அகலம், தூண்களின் இடம், தொட்டி, கால்வாய், கூரையின் தாழ்ந்த பக்க உயரம், உயர்ந்த பக்க உயரம் ஆகியவற்றை அளந்து கட்டம் போட்ட தாளில் வரைந்தால் போதும். கால்வாய் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அம்புக்குறியால் காட்டுங்கள். பின்னால் மிகவும் உதவும்.

2. கூரையையும் சுவரையும் சோதித்தல்

உத்திரம், கைமரம், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் ஆகிய மூன்றையும் கூர்மையான திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை எளிதில் இறங்கினால் அந்த மரம் போய்விட்டது என்று பொருள். கைமரம் சுவரில் அமரும் முனைதான் பெரும்பாலும் முதலில் கெடுகிறது, ஏனெனில் சுவரின் ஈரமும் கரையானும் அந்த இடத்தில்தான் சந்திக்கின்றன. கீழே மாவு போன்ற தூள் விழுந்திருந்தால், வண்டு இன்னும் உள்ளே துளைத்துக்கொண்டிருக்கிறது.

ஓட்டுக்குப் பதிலாகப் பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்டிருந்தால், அதை வாளால் அறுக்கவோ துளையிடவோ கூடாது. அப்போது எழும் நுண்ணிழைகள் நுரையீரலுக்குக் கேடு செய்பவை. தகட்டை நனைத்து, ஆணியைக் கழற்றி, உடைக்காமல் முழுதாக இறக்க வேண்டும்.

சுவர் எதனால் எழுப்பப்பட்டது என்பதைப் பூச்சைச் சிறிதளவு கொத்திப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மண் சாந்தில் அடுக்கிய கல் சுவராக இருந்தால், கனமான மேல் அலமாரியைத் திருகாணியால் அதில் தொங்கவிட முடியாது. இந்த ஒரு விவரம் தெரிந்துவிட்டால் சமையலறையின் வடிவமே மாறும்; சுவரை நம்பாமல் தரையில் நிற்கும் அமைப்பாகத் திட்டமிட வேண்டியிருக்கும்.

3. தரையைத் தோண்டி எடுத்தல்

பலர் தவிர்க்க விரும்பும் படி இதுதான். பழைய தரையின் மேலேயே புதிய தளம் போட்டால் செலவு மிச்சம் என்று தோன்றும். ஆனால், பல ஆண்டுகள் மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணில் நைட்ரேட் உள்ளிட்ட உப்புகள் நிறைந்திருக்கும். அவை ஈரத்தோடு மேலேறி, தரையின் இணைப்புகளிலும் சுவரின் அடியிலும் வெள்ளையாகப் பூக்கும். மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தையும் அவை இழுத்துக்கொள்வதால், எங்கும் ஒழுக்கு இல்லாமலே தரை நசநசவென்று இருக்கும். வாடையும் திரும்ப வரும்.

எனவே சமையலறை வரப்போகும் பகுதியில் குறைந்தது ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணை அள்ளி வெளியேற்றுங்கள். கால்வாய் இருந்த கோட்டிலும் அது முடியும் குழியிலும் இன்னும் ஆழமாகப் போக வேண்டியிருக்கும். மண்ணின் கருமையும் வாடையும் நிற்கும் இடம்வரை தோண்டுவதே அளவு. அள்ளிய மண் தென்னைக்கும் வாழைக்கும் நல்ல உரம் என்பதால் அதை வீணாக்க வேண்டியதில்லை.

சுவரை ஒட்டித் தோண்டும்போது ஓர் எச்சரிக்கை. பழைய கொட்டகைகளின் அடித்தளம் ஆழமற்றது. ஒரே நாளில் சுவரின் முழு நீளத்துக்கும் மண்ணை எடுத்தால் சுவர் இறங்கலாம். நான்கடி நீளத்துக்கு எடுத்து, கெட்டியான புது மண்ணை நிரப்பி இடித்த பிறகே அடுத்த பகுதிக்குப் போங்கள். சுவரில் ஏற்கெனவே விரிசல் இருந்தால், பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் மண்வெட்டியை எடுக்க வேண்டாம்.

4. சுவரில் ஏறிய உப்பைக் கையாளுதல்

மாடு நின்ற பக்கத்துச் சுவரில் உப்பு இரண்டு மூன்று அடி உயரம்வரை ஏறியிருப்பது வழக்கம். கறை தெரியும் உயரத்துக்கு மேல் இன்னும் ஓரடி சேர்த்துப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, இணைப்புகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, உதிர்ந்ததை உடனே வெளியே கொண்டுபோங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவுவது இங்கே செய்யப்படும் பெரிய தவறு. நீரில் கரைந்த உப்பு சுவருக்குள் மீண்டும் இறங்கிவிடும்.

அதன் பிறகு சிமெண்ட் பூச்சு வைக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். வைக்கக் கூடாது. சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவிடுவதால், உப்பு அதன் பின்னால் படிகமாகி ஒருநாள் பூச்சைத் தகடு தகடாகத் தள்ளிவிடும். அடைபட்ட ஓதமும் இன்னும் உயரே ஏறும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற கணக்கில் சுண்ணாம்புப் பூச்சு வையுங்கள். முதல் பூச்சை உப்பை உறிஞ்சுவதற்காகவே வைத்து, கோடை முடிந்ததும் அதை எடுத்துவிட்டு மறுபூச்சு வைப்பது சிறந்த முறை. கூலி இரட்டிப்பாகும் என்பது உண்மைதான். ஆனால் ஓடு பதித்த பிறகு உடைப்பதைவிட அது குறைவு.

காத்திருக்க முடியாதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. உப்பேறிய சுவரிலிருந்து ஓர் அங்குல இடைவெளி விட்டு, அடியில் ஓதத்தைத் தடுக்கும் படலத்தின் மேல் நாலரை அங்குலச் செங்கல் சுவரைத் தனியாக எழுப்பலாம். மேடையும் ஓடும் குழாயும் அந்தப் புதுச் சுவரிலேயே அமையும். பழைய சுவர் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அறையின் அகலத்தில் அரையடி போகும் என்பதை முன்பே கணக்கில் வையுங்கள்.

5. காற்றைப் பார்த்து அடுப்பின் இடத்தை முடிவு செய்தல்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று வைகாசியிலிருந்து ஆடிவரை இப்பகுதியில் ஓயாமல் வீசும். அடுப்பு மேற்குப் பக்கம் இருந்தால், புகையும் தாளிப்பு நெடியும் வீடு முழுவதையும் கடந்துதான் வெளியேற வேண்டும். கிழக்குப் பக்கம் இருந்தால் நேராக வெளியே போய்விடும். வாஸ்து பார்ப்பவர்கள் தென்கிழக்கைக் கேட்பார்கள். இந்த ஊர்க் காற்றுக்கு அது ஒத்துப்போகிறது, ஆகவே வாதிட வேண்டியதில்லை. தென்கிழக்கு முடியாதபோது சொல்லப்படும் வடமேற்கு மூலைதான் இங்கே தொல்லை தருவது.

ஜன்னலும் கதவும் நேருக்கு நேர் இருக்கும் கோட்டில் அடுப்பை வைக்காதீர்கள். ஆடிக் காற்றில் சுடர் அலைந்து அணையும். அணைந்த அடுப்பிலிருந்து வாயு கசியும். ஜன்னலை அடுப்புக்கு நேர் எதிரே வைக்காமல் பக்கத்தில் தள்ளி வைத்தால் வெளிச்சமும் கிடைக்கும், சுடரும் நிற்கும்.

தீவனத் தொட்டி இருந்த பக்கத்து மண்ணில் சாணமும் மூத்திரமும் குறைவாக ஊறியிருக்கும் என்பதால், அரிசி, பருப்பு வைக்கும் இடத்தை அந்தப் பக்கம் ஒதுக்குங்கள். கால்வாய்ப் பக்கம் தரை இயல்பாகவே தாழ்ந்திருப்பதால், கழுவுதொட்டிக்கு அதுவே பொருத்தம். உப்பைக் கையாளும் செலவும் அந்த ஒரு சுவரோடு முடியும்.

புதிய ஜன்னல் திறக்கும்போது, மேலே கைமரம் அமரும் இடத்தைத் தவிர்க்கவும். தவிர்க்க முடியாவிட்டால் கூரைக்கு முட்டுக் கொடுத்து, இருபுறமும் குறைந்தது அரையடி சுவரில் அமரும் லிண்டலைப் போட்டு, அது இறுகிய பிறகே கீழே உள்ள சுவரை எடுக்க வேண்டும்.

6. கோடு போட்டு நடந்து பார்த்தல்

குழாய்க்குப் பள்ளம் எடுக்கும் முன், மண் தரையில் சுண்ணாம்புத் தூளால் மேடை, கழுவுதொட்டி, குளிர்சாதனப் பெட்டி, கதவு ஆகியவற்றை உண்மை அளவில் வரையுங்கள். சமைப்பவர் அந்தக் கோடுகளுக்குள் நின்று, அரிசி களைவதிலிருந்து குழம்பை இறக்குவதுவரை வெறுங்கையால் செய்து காட்டட்டும். வரைபடத்தில் தெரியாத பிழைகள் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இருவர் சேர்ந்து வேலை செய்யும் வீட்டில் மேடைக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே மூன்றரை அடியாவது வேண்டும். அரிவாள்மனையில் உட்கார்ந்து நறுக்கும் பெரியவர்கள் இருந்தால், நடைபாதையில் படாத நான்கடிச் சதுரம் ஒன்றை ஒதுக்க வேண்டும். நகரத்துப் படங்களைப் பார்த்து வரைபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் தொடர்ந்து புழங்கும் என்றால் அவற்றின் இடத்தையும் இப்போதே குறித்துவிடுங்கள், ஏனெனில் அந்த இடத்தில் தளத்தைக் கெட்டியாகப் போட வேண்டும்.

அடுப்புக்கும் கழுவுதொட்டிக்கும் இடையே மூன்றடி மேடை இருக்கட்டும். நறுக்கவும் இறக்கி வைக்கவும் அது பயன்படும். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீரும் தெறிக்காது.

7. கழிவுநீர்க் குழாய்

பழைய மூத்திரக் கால்வாயையே கழிவுநீருக்குப் பயன்படுத்தும் ஆசையை விட்டுவிடுங்கள். அது திறந்த கால்வாய். எலி, கரப்பான், வாடை மூன்றும் அதன் வழியாகவே உள்ளே வரும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பது அதைவிட முக்கியமான காரணம். கசிந்த வாயு தாழ்வான கால்வாயிலும் குழியிலும் போய்த் தங்கும். கதவைத் திறந்துவிட்டாலும் எளிதில் வெளியேறாது. கால்வாயையும் அதன் குழியையும் முழுவதுமாக நிரப்பி மூடுங்கள்.

கழுவுதொட்டியிலிருந்து வெளியே போகும் குழாய் 75 மி.மீ. விட்டமும், பத்தடிக்கு மூன்று அங்குலச் சரிவும் கொண்டிருக்கட்டும். சரிவு குறைந்தால் சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் தங்கி அடைக்கும். தொட்டிக்கு அடியில் நீர் தேங்கும் வளைவு கட்டாயம் வேண்டும். வெளிக் குழாயின் வாடையைத் தடுப்பது அந்த வளைவில் நிற்கும் நீர்தான். குழாய் திரும்பும் ஒவ்வோர் இடத்திலும், அதைத் திறந்து குத்திவிட வசதியாக ஒரு மூடி வையுங்கள்.

சுவருக்கு வெளியே எண்ணெயைப் பிரிக்கும் சிறு தொட்டி ஒன்றைக் கட்டி, அதன் பிறகு தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். கிணற்றிலிருந்தும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் அது தள்ளியே இருக்க வேண்டும். பெரிய பாத்திரங்களைத் துலக்கப் பின்புறத் தாழ்வாரத்தில் தனி இடம் கொடுத்தால், உள்ளே இருக்கும் குழாய்க்கு வேலை பாதியாகும்.

8. தளம் போடுதல்

குழாயைப் பதித்து, தண்ணீர் ஊற்றிச் சோதித்த பிறகே தளம். முதலில் கெட்டியாக இடித்த புது மண். அதன் மேல் தூள் கலக்காத 40 மி.மீ. ஜல்லி நான்கு முதல் ஆறு அங்குலம். ஜல்லிகளுக்கு இடையே உள்ள வெற்றிடம் ஓதம் மேலேறும் வழியை அறுத்துவிடும் என்பதால், மேஸ்திரி அதை மணல் போட்டு நிரப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் மேல் மெல்லிய மணல் படலம் பரப்பி, 250 மைக்ரான் பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களைச் சுவரில் அரையடி ஏற்றிவிடுங்கள். அதற்கு மேல் நான்கு அங்குலக் கான்கிரீட்.

மேற்பரப்புக் கல்லோ ஓடோ பதிக்கும் முன், இரண்டடிச் சதுரப் பாலித்தீன் தாள் ஒன்றைத் தளத்தின் மேல் நான்கு ஓரமும் ஒட்டி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். அடியில் நீர்த்துளி நின்றால் தளம் இன்னும் காயவில்லை, பொறுத்திருங்கள். வழுக்காத சொரசொரப்பான மேற்பரப்பைத் தேர்ந்தெடுப்பது வயதானவர்களுக்கு நல்லது.

9. மின் கம்பிகள்

சுவரின் மறுபூச்சுக்கு முன்பே கம்பிகளுக்கான குழாய்கள் ஓட வேண்டும். மரக் கூரையில் ஓடும் கம்பியை எலி கடிக்கும் என்பதால், அந்தப் பகுதியில் இரும்புக் குழாய்க்குள் கம்பியை விடுங்கள். அந்தக் குழாய்க்கும் நில இணைப்பு கொடுக்க வேண்டும்.

இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட்வரை இழுக்கக் கூடியது. அதற்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் தனித்தனி 16 ஆம்பியர் இணைப்பும், 2.5 சதுர மி.மீ.க்குக் குறையாத செம்புக் கம்பியும் வேண்டும். மிக்சி, கிரைண்டருக்குச் சாதாரண இணைப்பு போதும். ஆனால் அவற்றைத் தண்ணீர் தெறிக்காத தூரத்தில் வையுங்கள். மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பானை எக்காரணத்துக்காகவும் விட்டுவிடக் கூடாது, ஏனெனில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் இடம் இது.

10. கூரையின் அடிப்பகுதியும் புகைபோக்கும்

ஓட்டின் இடுக்கிலிருந்து தூசியும் பல்லி எச்சமும் விழும். கீழிருந்து எழும் எண்ணெய் ஆவி ரீப்பரில் படிந்து கருப்பாகச் சொட்டும். இரண்டையும் தடுக்க அடுப்பு, மேடை ஆகியவற்றின் மேலாவது ஓர் உட்கூரை வேண்டும். எளிதில் உருகும் பிவிசி பலகையையும் தெர்மாகோலையும் அடுப்புக்கு மேல் போடக் கூடாது. கால்சியம் சிலிகேட் பலகை பொருத்தமானது. உட்கூரைக்கும் ஓட்டுக்கும் இடையே காற்று போய் வர இரு முனைகளிலும் வலை அடித்த திறப்பு இருந்தால் வெயில் இறங்காது. வெளிச்சத்துக்கு ஓட்டின் வடிவிலேயே கிடைக்கும் கண்ணாடி ஓடுகளை நறுக்கும் இடத்துக்கு மேலே பதித்து, உட்கூரையில் அதற்கு நேராகத் திறப்பு விடலாம்.

புகை வெளியேற்றும் விசிறியின் அளவை அறையின் கொள்ளளவை வைத்துக் கணக்கிட வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உட்கூரை பத்தடி உயரம் என்றால் 1200 கன அடி. மணிக்கு 20 முறை காற்று மாற வேண்டும் என்றால் 24,000 கன அடி, அதாவது நிமிடத்துக்கு 400 கன அடி. இந்த எண்ணை விசிறிப் பெட்டியில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

சிம்னி வைப்பவர்கள் அதை வாயு அடுப்புக்கு மேலே 26 முதல் 30 அங்குலத்துக்குள் பொருத்தி, குழாயைப் பக்கச் சுவர் வழியாகவே வெளியே விடட்டும். ஓட்டைத் துளைத்து வெளியே விட்ட குழாயைச் சுற்றி அடுத்த மழைக்கு ஒழுகும். அதை அடைக்க ஏறுபவர் இன்னும் நான்கு ஓட்டை உடைப்பார்.

விறகடுப்பும் வேண்டுமென்றால் அதை உள்ளே கொண்டுவராமல், கிழக்குப் புறத் தாழ்வாரத்தில், ஓலை எதுவும் அருகில் இல்லாத இடத்தில் அமையுங்கள்.

11. மேடை

சமைப்பவரை நேராக நிற்கவைத்து, மடக்கிய முழங்கையின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து நான்கு அங்குலத்தைக் கழியுங்கள். முழங்கை 37 அங்குலத்தில் இருந்தால் மேடை 33 அங்குலம். அடுப்பின் உயரமும் பாத்திரத்தின் உயரமும் மேலே சேர்வதால், அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் மூன்று அங்குலம் தாழ்த்தினால் தோள் வலிக்காது. முழு மேடையும் ஒரே மட்டத்தில் இருப்பதுதான் அழகு என்று கொத்தனார் சொல்வார். அங்கே நின்று சமைக்கப்போவது அவர் அல்லர்.

மேடையைச் சுவரில் செருகாமல், செங்கல் கால்களின் மேல் கடப்பாக் கல்லைப் படுக்கவைத்து அதன் மேல் கிரானைட் பதியுங்கள். பழைய சுவர் சிறிது அசைந்தாலும் மேடையில் விரிசல் விழாது. ஆழம் இரண்டடி போதும். கூரை தாழ்ந்த பக்கம் மேடை வருமானால், நிமிரும்போது தலை இடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

12. அலமாரிகள்

மேடைக்கு அடியில் ஒட்டுப்பலகைப் பெட்டிகளை வைத்தால், கொட்டகை மண்ணில் ஏற்கெனவே இருக்கும் கரையானுக்கு விருந்து வைப்பதாகும். கடப்பாக் கல் தட்டுகளும் அலுமினியக் கதவுகளும் பார்வைக்குச் சாதாரணமாக இருந்தாலும் நீடிக்கும். கீழ்த்தட்டு தரையிலிருந்து நான்கு அங்குலம் உயர்ந்து, அடியில் துடைப்பம் நுழையும்படி இருக்க வேண்டும்.

சுண்டெலி 6 மி.மீ. இடுக்கில் நுழைந்துவிடும். ஆகவே கதவின் அடிப்பகுதி, குழாய் சுவரைத் துளைக்கும் இடம், ஜன்னல், காற்றுத் திறப்பு ஆகிய எல்லாவற்றையும் அதைவிடச் சிறிய கண்ணுள்ள இரும்பு வலையாலோ சாந்தாலோ அடையுங்கள். தானியம் சேர்த்து வைக்கும் தோட்டத்து வீட்டில் இதைத் தள்ளிப்போட முடியாது.

13. எரிவாயு இணைப்பு

உருளையைத் தரை மட்டத்தில் நிமிர்த்தி வையுங்கள். பள்ளத்திலோ காற்றுப் புகாத பெட்டிக்குள்ளோ வைக்கக் கூடாது. அடுப்பு எப்போதும் உருளையைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. சுவரைத் துளைத்து அதைக் கொண்டுபோகவும் கூடாது. உருளையை வெளியே வைக்க விரும்பினால், முகவர் வழியாகச் செம்புக் குழாய் அமைத்துக்கொள்ளுங்கள். அறையின் ஒரு சுவரில், தரையை ஒட்டி, வலை அடித்த திறப்பு ஒன்று இருந்தால் கசியும் வாயு தாழ்வாகவே வெளியேறிவிடும்.

இன்னும் நான்கைந்து மாடுகள் வேறு கொட்டகையில் இருந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிலோ சாணம் கேட்கும் இரண்டு கன மீட்டர் சாண எரிவாயுக் கலனைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு வேறு துளையுள்ள தனி அடுப்பு வேண்டும்; உருளை அடுப்பை அப்படியே மாட்டினால் சுடர் நிற்காது. வாயுவோடு வரும் ஈரம் குழாயில் நீராகத் தேங்குவதால், குழாயைச் சரிவாகப் போட்டு, தாழ்ந்த புள்ளியில் நீரை வடிக்கும் அமைப்பை வையுங்கள். இந்த வாயு காற்றைவிடச் சற்று லேசானது. ஆகவே கீழ்த் திறப்போடு, கூரையை ஒட்டி மேலேயும் ஒரு திறப்பு தேவைப்படும்.

எல்லாம் முடிந்த பிறகு, எல்லா இணைப்புகளிலும் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்; தீக்குச்சியால் சோதிக்க வேண்டாம். முதல் மழைக்காலம் முடியும்வரை மேடைக்குப் பின்னால் உள்ள சுவரில் அலமாரி எதையும் ஒட்டி வைக்காமல் விட்டு, உப்பு மீண்டும் பூக்கிறதா என்று பார்த்த பிறகு மீதி ஓடுகளைப் பதியுங்கள்.